மனவேதனையையும் அளந்து பாருங்கள்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால், பார்க்க வருகிறவர்கள் சொல்லுகின்ற வார்த்தைகள் இரண்டு. ஒன்று “எல்லாம் தலைவிதி”, மற்றொன்று “தைரியமாய் இரு.” இவை ஆறுதல் என்று கருதப்படுகின்றன. வாஸ்தவத்தில் இவை நோயாளியின் வாயை அடைக்கும் வழியேயாகும். விதி என்றால் அழுது பயனில்லை. தைரியம் என்றால் அழுவதே குற்றம்! பிறகு அவர் தம் கஷ்டத்தை யாரிடம் போய்ச் சொல்லுவார்?

தோழர்களே! காய்ச்சலை நாம் விதி என்று விட்டுவிடுவதில்லை. தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கின்றோம். மனவேதனைக்கும் அப்படியொரு அளவை அமெரிக்க வைத்தியர்கள் 1990-களில் ஏற்படுத்தியிருக்கிறார்கள். காகிதத்தில் ஒரு தெர்மாமீட்டர் படம். 0 முதல் 10 வரை எண்கள். சென்ற ஒரு வாரத்தில் மனக்கஷ்டம் எவ்வளவு என்று நோயாளியே தொட்டுக் காட்டவேண்டியது. 4-ம் அதற்கு மேலுமானால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். கனடா தேசத்தார் 2004-லேயே சூடு, நாடி, சுவாசம், இரத்த அழுத்தம், வலி ஆகிய ஐந்துக்கும் அடுத்தபடியாக மனவேதனையை ஆறாவதாய் ஏற்றுக்கொண்டார்கள்.

மனக்கஷ்டம் என்றவுடன் பைத்தியம் என்று நினைப்பது மூடத்தனம். அந்தக் காகிதத்தில் பயம், துக்கம், தூக்கமின்மை மாத்திரமல்ல. பணம், பிரயாணம், பிள்ளைகளைப் பார்த்துக் கொள்ளுவது ஆகியவையும் கேட்கப்படுகின்றன. கதிர்வீச்சு வைத்தியம் என்றால் வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரம் போகவேண்டி வரும். சின்ன வெங்காயக் காட்டில் கூலி வேலை செய்யும் ஒரு பெண் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ தினம் பஸ் ஏறினால், அன்றைய கூலியை யார் கொடுப்பது? குழந்தைக்குச் சோறு யார் போடுவது? அவள் பாதியில் வைத்தியத்தை விட்டுவிட்டால் தைரியமில்லாதவள் என்று சொல்லுவது யோக்கியமா?

நிற்க, கேட்டு எழுதிக் கொள்ளுவதோடு நின்றுவிட்டால் அதுவும் ஒரு சடங்காகவே போய்விடும். கவனிக்க ஆள் வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரின் முயற்சியால் 1954-ல் ஏற்பட்ட அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் மனநிலையைக் கவனிக்கத் தனிப்பகுதியே இருக்கின்றது. அரியலூரில் சர்க்கார் வைத்தியக் கல்லூரி 2022-ல் திறக்கப்பட்டது. நோயாளி வரும்போதெல்லாம் இக்கேள்வியைக் கேட்பது சிறிய ஆஸ்பத்திரியிலும் வழக்கமாக வேண்டும். மனக்கஷ்டத்தைச் சொல்ல 14416 என்ற சர்க்காரின் இலவச டெலிபோனும் இருக்கின்றது.

ஆகவே இனி நோயாளி வீட்டுக்குப் போகிறவர்கள் விதியைப் பேசாமல், “இந்த வாரம் எது கஷ்டமாயிருந்தது?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள். பஸ் சார்ஜு இல்லையென்றால் அதைக் கொடுங்கள். தூக்கமில்லை, உயிரே வெறுத்துப் போகிறது என்றால் அன்றே வைத்தியரிடம் அழைத்துப் போங்கள்.