சிறுநீரக மாற்று: எண்ணிக்கை மட்டும் போதுமா?

புதுதில்லி: உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சை குறித்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம், மத்திய சுகாதார அமைச்சகத்தின் பதிலில் முதலிடம் பெறுவது எண்ணிக்கைதான். 2013-ல் 5 ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த உறுப்பு மாற்றுகள் 2023-ல் 18 ஆயிரத்தைக் கடந்தன. அவற்றில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை சிறுநீரக மாற்றுகள். பெருமைக்குரிய வளர்ச்சிதான். ஆனால், பொருத்தப்பட்ட சிறுநீரகங்களில் ஓராண்டுக்குப் பின்னும் ஐந்தாண்டுகளுக்குப் பின்னும் எத்தனை இயங்குகின்றன என்பதே நோயாளிக்கு முக்கியமான கணக்கு.

இந்தக் கணக்கை இனியும் ஒதுக்கிவைக்க இயலாது. இந்தியாவில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்ட உறுப்பு மாற்றுகள் உயிருடன் இருப்பவர்களின் தானத்தால் நடைபெறுகின்றன. இறந்தவர்களின் உறுப்பு தானத்தைப் பெருக்குவதே அரசின் நோக்கம். அதற்காக 2023-ல் விதிமுறைகள் தளர்த்தப்பட்டன. 65 வயதைக் கடந்தவர்களும் இறந்தவரின் உறுப்பைப் பெறப் பதிவு செய்யலாம். சொந்த மாநிலத்தில்தான் பதிய வேண்டும் என்ற நிபந்தனையும் கிடையாது. பாதை சரியானதே. எனினும், இப்பாதையில்தான் உறுப்பின் தரம் என்ற கேள்வி எழுகிறது.

கொடையாளரைப் பொறுத்தே...

உயிருடன் இருக்கும் உறவினர் பல பரிசோதனைகளுக்குப் பின்னரே தேர்வு செய்யப்படுகிறார். அவரது சிறுநீரகம் குறுகிய நேரத்தில் நோயாளிக்குப் பொருத்தப்படுகிறது. இறந்தவரின் சிறுநீரகத்துக்கு இந்த வசதிகள் இல்லை. இந்தியாவில் மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் செய்வோரில் சாலை விபத்தில் தலைக்காயமுற்ற இளைஞர்கள் கணிசமானோர். தானம் பெருகும்போது, பக்கவாதத்தால் இறக்கும் முதியோரும், உயர் ரத்த அழுத்தம் உள்ளோரும் கொடையாளர்களாவது அதிகரிக்கும்.

அமெரிக்கா இந்த நிலையை முன்னரே சந்தித்தது. 60 வயதைக் கடந்தவர்கள், அல்லது 50 முதல் 59 வயதுக்குள் இருந்து உயர் ரத்த அழுத்தம், கூடுதல் கிரியேட்டினின், பக்கவாத மரணம் ஆகிய மூன்றில் இரண்டு உள்ளவர்கள் தனிப்பிரிவாக 2002-ல் வரையறுக்கப்பட்டனர். இவர்களது சிறுநீரகம் செயலிழக்கும் அபாயம், மற்றவற்றை விட சுமார் 70 சதவீதம் அதிகம் என்று கணக்கிடப்பட்டது.

முதல் வாரத் தாமதம்

அடுத்தது, தாமதச் செயல்பாடு. சிறுநீரகம் பொருத்தப்பட்ட முதல் வாரத்துக்குள் நோயாளிக்கு மீண்டும் டயாலிசிஸ் தேவைப்படுவதையே மருத்துவர்கள் இவ்வாறு குறிப்பிடுகின்றனர். இத்தகைய சிறுநீரகங்கள் பிற்காலத்தில் செயலிழக்கும் அபாயம் 41 சதவீதம் அதிகம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2009-ல் வெளியான கட்டுரை தெரிவித்தது.

இத்தாமதத்துக்குக் கொடையாளரின் வயது மட்டும் காரணமல்ல. மூளைச்சாவுக்குப் பின் ரத்த அழுத்தம் குலைவதும், உறுப்பு பனிக்கட்டியில் காத்திருக்கும் நேரம் நீள்வதும் காரணங்களே. இவை இரண்டும் நிர்வாகத்தால் சீர்செய்யக் கூடியவை. நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய நாடுகளில் 336 கொடையாளர்களின் சிறுநீரகங்களைக் கொண்டு நடந்த ஆய்வு இதற்குச் சான்று. ஒரே கொடையாளரின் ஒரு சிறுநீரகம் பனிக்கட்டியிலும், மற்றொன்று குளிர்ந்த திரவத்தைத் தொடர்ந்து செலுத்தும் கருவியிலும் வைக்கப்பட்டன. தாமதச் செயல்பாடு பனிக்கட்டியில் 26.5 சதவீதமாகவும், கருவியில் 20.8 சதவீதமாகவும் இருந்தது. ஓராண்டுக்குப் பின் முறையே 90 சதவீதமும் 94 சதவீதமும் இயங்கின.

ஒதுக்குவது தீர்வாகாது

அதற்காக முதியோரின் சிறுநீரகங்களை ஒதுக்கிவிடலாம் என்று பொருளில்லை. டயாலிசிஸில் பல ஆண்டுகள் காத்திருப்பதை விட, சற்றே தரம் குறைந்த சிறுநீரகத்தைப் பெறுவதே பல நோயாளிகளுக்கு நீண்ட ஆயுளைத் தருகிறது. அதேபோல், தாமதம் என்பதே தோல்வியும் அல்ல. இதயத் துடிப்பு நின்றபின் பெறப்படும் சிறுநீரகங்களில் தாமதம் அதிகம். ஆயினும், ஐந்தாண்டுகளுக்குப் பின் அவை மூளைச்சாவு அடைந்தவர்களின் சிறுநீரகங்களுக்கு ஏறத்தாழ இணையாகவே இயங்குவதைப் பிரிட்டனின் அனுபவம் காட்டியது.

ஆகவே, எந்தச் சிறுநீரகம் யாருக்கு, எத்தனை மணி நேரத்துக்குள் என்பதே கேள்வி. ஐரோப்பிய நாடுகள் சில இணைந்து நடத்தும் யூரோடிரான்ஸ்பிளான்ட் அமைப்பு 1999-லேயே இதற்கு விடை கண்டது. 65 வயதைக் கடந்தவர்களின் சிறுநீரகங்களை, அதே வயதைக் கடந்த நோயாளிகளுக்கு, அருகிலுள்ள மருத்துவமனைகளிலேயே அளித்துக் காத்திருப்பு நேரத்தைக் குறைத்தது. வயது வரம்பை நீக்கிவிட்ட இந்தியா, இந்த இரண்டாவது படியையும் எடுத்து வைக்கலாம்.

இழப்பு யாருக்கு?

செயலிழந்த சிறுநீரகம் நோயாளியை மீண்டும் டயாலிசிஸ் படுக்கைக்கே அனுப்புகிறது. அவர் உடலில் உருவாகும் எதிர்ப்புப் பொருள்களால், அடுத்த சிறுநீரகம் பொருந்துவதும் கடினமாகிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோரின் மாற்றுக்குப் பிந்தைய மருந்துகளுக்கு மாதம் ரூ. 10 ஆயிரம் வரை உதவும் திட்டமும், 2016-ல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டமும் அரசுப் பணத்தில்தான் நடக்கின்றன. ஆகவே, இழப்பு கருவூலத்துக்கும் உண்டு.

இதற்கு அடித்தளம் தயாராகவே உள்ளது. தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை வளாகத்தில் இயங்கும் தேசிய உறுப்பு மற்றும் திசு மாற்று அமைப்பின் தனி அடையாள எண், ஒவ்வொரு உறுப்பு மாற்றுக்கும் 2024-ல் கட்டாயமாக்கப்பட்டது. அந்த எண்ணுடன் கொடையாளரின் வயது, கிரியேட்டினின் அளவு, உறுப்பு பனியில் இருந்த நேரம், முதல் வார டயாலிசிஸ், ஓராண்டு மற்றும் ஐந்தாண்டு நிலை ஆகியவற்றை இணைத்து ஆண்டுதோறும் அவையில் வைக்கலாம். 2024-ல் 268 கொடையாளர்களுடன் முதலிடம் பெற்ற தமிழகம் இதிலும் முன்மாதிரியாகலாம்.

எச்சரிக்கை ஒன்றும் தேவை. உறுப்பின் தரத்தைக் கணக்கில் கொள்ளாமல் மருத்துவமனைகளைத் தரவரிசைப்படுத்தினால், அவை முதியோரின் சிறுநீரகங்களை ஏற்கத் தயங்கும். அமெரிக்காவில் எடுக்கப்படும் சிறுநீரகங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று அண்மை ஆண்டுகளில் பயன்படாமல் போனது. அதே தவறு இங்கும் நிகழக் கூடாது.

துயரத்தின் உச்சத்தில் ஒரு குடும்பம் சம்மதித்துத் தரும் கொடை அது. எத்தனை உறுப்புகள் பெற்றோம் என்று மட்டுமல்ல, பெற்றதை எவ்வளவு காலம் காத்தோம் என்றும் அந்தக் குடும்பத்துக்குச் சொல்ல அரசு கடமைப்பட்டுள்ளது. அடுத்த கூட்டத்தொடரில் உறுப்பினர்கள் கேட்க வேண்டியதும் அதைத்தான்.