தேசிக்காய்த் தண்ணீருக்கு ஏன் ரம்மின் பெயர்?



அண்மையில் கண்டியில் ஒரு வலீமாவுக்குப் போயிருந்தோம். மண்டப வாசலில் 'மொக்டெய்ல் கவுண்டர்'. நீண்ட கிளாஸ், ஓரத்தில் தேசிக்காய்த் துண்டு, மேலே புதினா. பலகையில் 'வேர்ஜின் மொஹிட்டோ', 'ஹனி டைகிரி' என்று எழுதியிருந்தது. ஏழாம் தரத்தில் படிக்கும் நமது மாணவன் ஒருவன் பக்கத்தில் வந்து, "சேர், இதுல ரம் ஊத்தினா இன்னும் நல்லா ஈக்குமாம், யூடியூப்ல சொன்னாங்க" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

கிளாஸில் இருந்தது ஹலால்தான். பத்வா கொடுக்க நாம் ஆலிமும் இல்லை. நாம் பேசுவது அந்தப் பலகையைப் பற்றி.

மொஹிட்டோ என்பது கியூபாவின் மதுபானம்: வெள்ளை ரம், தேசிக்காய், சீனி, புதினா, சோடா. டைகிரி என்பது அதே நாட்டில் சந்தியாகோ நகருக்குப் பக்கத்திலுள்ள ஓர் ஊர். ரம், தேசிக்காய், சீனி சேர்ந்த கலவைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தேன் சேர்த்தது வேண்டுமென்றால் கன்சான்சரா இருக்கிறது. 1868இல் ஸ்பெயினை எதிர்த்து எழுந்த கியூபப் போராளிகள் குடித்ததாகச் சொல்லப்படும் கரும்புச் சாராயமும் தேனும் தேசிக்காயும் அது. மூன்றிலும் மாப்பிள்ளை ரம்தான். தேனும் தேசிக்காயும் மாப்பிள்ளைத் தோழர்கள். 'வேர்ஜின்' என்றால் ரம்மை எடுத்துவிட்டோம் என்று அர்த்தம். அப்படியானால் அசல் எது, குறைந்தது எது என்று பிள்ளை எப்படி விளங்கிக்கொள்ளும்?

மதுவுக்கு வேறு பெயர் சூட்டிக் குடிப்போர் இந்த உம்மத்தில் வருவார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அபூதாவூதில் படிக்கிறோம். நாம் அதையும் தலைகீழாக்கி, ஹலாலான பானத்துக்கு மதுவின் பெயரைச் சூட்டிப் பெருமைப்படுகிறோம்!

"பெயரில் என்ன சேர் இருக்கிறது?" என்பார்கள். யமன் நாட்டில் தேனில் செய்த 'பித்உ' பற்றிக் கேட்கப்பட்டபோது, போதை தரும் எல்லாமே ஹராம் என்றுதான் நபியவர்கள் சொன்னார்கள். ஆகவே சட்டத்துக்குப் பெயர் பொருட்டில்லை, ஒத்துக்கொள்கிறோம். பிள்ளை வளர்ப்புக்குப் பொருட்டுண்டு. சோயாக் கறிக்குப் 'பன்றியில்லாத பன்றிக் கறி' என்று பெயர் வைத்து சஹனில் பரிமாறுவோமா? சபையில் எவராவது கை வைப்பார்களா? பன்றிக்கு வரும் அருவருப்பு மதுவுக்கு மட்டும் ஏன் வரவில்லை?

கண்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் கித்துள் சீவுவதைப் பார்த்திருக்கிறோம். இறக்கியதை அப்படியே வைத்தால் புளித்துக் கள்ளாகும். உடனே காய்ச்சினால் பாணியாகும். ஒரே மரம்தான். சூரா அந்நஹ்லின் 67ஆம் வசனம், பேரீச்சையிலிருந்தும் திராட்சையிலிருந்தும் மனிதர்கள் போதையையும் எடுக்கிறார்கள், நல்ல உணவையும் எடுக்கிறார்கள் என்கிறது. அடுத்த இரண்டு வசனங்களில் தேனீயும், தேனில் உள்ள நிவாரணமும் வருகின்றன. தேனுக்கு இதைவிடப் பெரிய விளம்பரம் எந்த பாரிலிருந்து வர வேண்டும்?

செய்முறையும் சொல்லிவிடுகிறோம். இரண்டு லீற்றர் தண்ணீருக்கு ஆறு தேசிக்காய், எட்டு மேசைக்கரண்டி தேன், தட்டிய இஞ்சி ஒரு துண்டு, ஒரு சிட்டிகை உப்பு. தேனை முதலில் கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரையுங்கள். குளிர்ந்த தண்ணீரில் ஊற்றினால் அடியில் தங்கிவிடும். பிறகு ஊறிய கசகசா, புதினா, ஐஸ். தேன் இல்லையென்றால் கித்துள் பாணி. பலகையில் 'தேன் தேசி' என்று எழுதுங்கள், போதும்.

மண்டபக்காரர்களே, கேட்டரிங் சகோதரர்களே, கல்யாணம் பேசும் பெற்றோரே, பானத்தை மாற்றச் சொல்லவில்லை. பலகையை மாற்றுங்கள் என்றுதான் கேட்கிறோம். அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அந்த மாணவனை நாம் ஏசவில்லை. பலகையை எழுதியவன் அவனில்லை. காசு கொடுத்து எழுதுவித்தவர்கள் நாம்தான்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.