ஒரு மோட்டார்... நாற்பது முகம்!

பொங்கல் லீவுக்குச் சீவலப்பேரி போயிருந்தேன். தாமிரபரணியோடு சிற்றாறு வந்து கூடுகிற ஊர். முக்கூடற்பள்ளு பாடியது இந்தப் பக்கத்தைத்தான். நெல் வகை, மாட்டு வகை, மீன் வகை என்று அடுக்கிக்கொண்டே போகும் நூல் அது. இந்த முறை சித்தப்பா வீட்டுத் திண்ணையில் ஓடியது மோட்டார் வகைக் கணக்கு.

சித்தப்பா மகள் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியின் டிசைன் பிரிவில் இருக்கிறாள். லேப்டாப்பில் போர்வெல் மோட்டார் படத்தைச் சுழற்றிக் காட்டினாள்.

“ஏட்டி, மோட்டாரு ஒண்ணுதான? இதுக்கா வருசம் பூரா படம் வரையுத?” என்றார் சித்தப்பா.

“ஒண்ணு இல்லப்பா, சொல்லுதேன் கேளுங்க” என்று விரல் விட்டாள். போர் 4 இஞ்ச், 6 இஞ்ச் என இரண்டு. கரன்ட் சிங்கிள் பேஸ், த்ரீ பேஸ் என இரண்டு. தண்ணீரைத் தள்ளுகிற இம்பெல்லரும் அதைச் சுற்றியுள்ள கிண்ணமும் சேர்ந்தால் ஒரு ஸ்டேஜ். ஆழம் கூடக் கூட ஸ்டேஜும் கூடும். அதில் பத்து விதம் என்றால், 2 × 2 × 10 = 40. அதிக ஹெச்.பி.க்கு சிங்கிள் பேஸ் என்பது போன்ற ஒத்துவராத ஜோடிகளைக் கழித்தாலும் பட்டியல் நீளம்தான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒரு தப்புச் செய்தாளாம். கையில் 8 ஸ்டேஜ் படம் இருந்தது. 10, 12, 15 ஸ்டேஜும் வேண்டும் என்றார்கள். ‘சேவ் ஆஸ்’ கொடுத்து மூன்று நகல் எடுத்து, நீளத்தை மாற்றி, ஒரே சாயங்காலத்தில் முடித்துவிட்டாள். பாராட்டும் கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து, ஷாஃப்டில் இம்பெல்லரைப் பிடித்து நிறுத்தும் காடியின் அகலத்தை அரை மில்லிமீட்டர் மாற்றச் சொன்னார்கள். அவள் திருத்தியது மூலப் படத்தை மட்டும். நகல்களுக்குச் சேதி போகவில்லை. 12 ஸ்டேஜ் ஷாஃப்ட் பழைய அளவிலேயே கடைந்து வந்தது. இம்பெல்லரோ புது அளவு. மேஜையில் வைத்துக் கோர்த்தால் சேரவில்லை. கோடை நேரத்தில் ஒரு லாட் முழுக்க ஓரங்கட்டப்பட்டது. சரிசெய்ய இருபது நாள்.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. “அந்த இருபது நாளும் எவன் வாழை காஞ்சிதோ” என்றார்.

அப்புறம்தான் அவள் சரியான வழியைக் கற்றுக்கொண்டாள். நகல் எடுக்கவே கூடாது. தாய்ப் படம் ஒன்று, அதனுடன் ஓர் அட்டவணை. ஒவ்வொரு வரிசையும் ஒரு மாடல். ஸ்டேஜ் எத்தனை, ஷாஃப்ட் நீளம் எவ்வளவு, எந்த மோட்டார் என்பவை கட்டங்களில் இருக்கும். வரிசையைத் தேர்ந்தெடுத்தால் படம் அதற்கேற்ப நீளும், குறுகும். அந்த மாடலுக்கு வேண்டாத பாகத்தை அழிப்பதில்லை. ‘சப்ரெஸ்’ செய்து ஒதுக்கி வைக்கிறார்கள். சாலிட்வொர்க்ஸில் இதற்கு ‘கான்ஃபிகரேஷன்’ என்று பெயர். கிரியோவில் ‘ஃபேமிலி டேபிள்’. காசில்லாமல் கிடைக்கும் ஃப்ரீகேடிலும் அட்டவணை போட்டு இப்படிச் செய்யலாம்.

நம் வீட்டு மாவுதான் இது. ஒரே பாத்திரத்து மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம். உப்புக் குறைந்தால் பாத்திரத்தில் ஒரு தடவை போட்டால் போதும். நாலு கிண்ணத்தில் பிரித்து வைத்துவிட்டால், ஏதோ ஒன்று உப்பில்லாமல்தான் வெந்து வரும்.

பெரிய இடங்களிலும் இது சறுக்கியிருக்கிறது. ஏர்பஸ் ஏ380 விமானம் ஒன்றுக்குள் சுமார் 530 கிலோமீட்டர் ஒயர். ஒவ்வொரு ஏர்லைன்ஸும் கேட்ட உள்ளமைப்பு வேறு. ஒயர் போகும் பாதையும் வேறு. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ‘கேட்டியா’ மென்பொருளின் 4-ம் பதிப்பு, பிரான்சின் துலூஸில் 5-ம் பதிப்பு. இங்கே செய்த திருத்தம் அங்கே ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. பூட்டும்போது ஒயர் எட்டவில்லை. 2006-ல் ஏர்பஸ் தலைவர் பதவி விலகினார். முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் கைக்கு வந்தபோது 2007 அக்டோபர்.

“அப்போ அட்டவணை போட்டுட்டா கவலையில்ல?” என்று கேட்டேன்.

“அதுலயும் வினை இருக்குண்ணே. தாய்ப் படத்துல கை வச்சா நாப்பதும் மாறும். அஞ்சு வருசம் முந்தி வித்த மோட்டாருக்கு உதிரி கேட்டு வருவாங்கள்ளா? பழைய அளவு வேணுமே!”

அதனால் உற்பத்திக்குப் போன படத்தைப் பூட்டி, திருத்த எண் போட்டு வைக்கிறார்கள். பழைய பாகம் இருந்த இடத்தில் புதுப் பாகம் அப்படியே உட்காராது என்றால், அதற்குப் புது எண் கொடுத்தே ஆக வேண்டும்.

அந்த எண்ணில் நமக்கும் வேலை இருக்கிறது. மோட்டாரை போருக்குள் இறக்கிவிட்டால் அதிலிருக்கும் பெயர்த்தகடு கண்ணில் படாது. இறக்குவதற்கு முன்பே மாடல் எண், சீரியல் எண் தெரிகிற மாதிரி போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். உதிரி வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் “அதே மாதிரி ஒண்ணு குடுங்க” என்று கேட்காமல், படத்தைக் காட்டுங்கள்.

நான் ஊருக்குக் கிளம்பும்போது சித்தப்பா போனை நீட்டினார். பழைய பில், வாரன்ட்டி அட்டை, பெட்டியில் ஒட்டியிருந்த லேபிள், மூன்றையும் படம் எடுத்து வைத்திருந்தார்.