கொடையேடு எவர் கையில்?

கொடுப்பவர் நம்பிக் கொடுக்கின்றார். அந்நம்பிக்கைக்குச் சான்றாக ஓர் ஏடு உண்டு. கொடையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், கொடுத்த தொகை, கொடுத்த நாள், இன்ன பணிக்கென்று அவர் குறித்துத் தந்த சொல் ஆகிய இத்துணையும் அவ்வேட்டில் அடங்கும். ஊதியம் கருதாத் தொண்டமைப்பு ஒன்றுக்குக் கட்டடம் இல்லாமற் போகலாம். ஊர்தி இல்லாமற் போகலாம். அவ்வேடு இல்லாமற் போனால் அமைப்பே இல்லை.

அவ்வேட்டைப் பேழையில் வைத்துப் பூட்டித் திறவுகோலை இடுப்பில் செருகிக்கொண்ட பொருளாளரை எவரும் பழித்ததில்லை. இக்கால் நடப்பது என்ன? ஏடு கணிப்பொறிக்குள் புகுந்ததும், முகமறியா வணிக நிறுவனமொன்றின் வழங்கியில் அதனைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, திங்கள்தோறும் வாடகையும் கட்டி, ஏடு நன்றாக இருக்கின்றது என்று மகிழ்ந்துகொள்கின்றனர். ஏடு நன்றாகவே இருக்கலாம். அஃது எவருடையது என்பதன்றோ வினா?

இவ்வினா வெற்றச்சத்தால் எழுந்ததன்று. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் சார்லசுடன் நகரைத் தலைமையிடமாகக் கொண்டது பிளாக்பாடு என்னும் நிறுவனம். பள்ளிகள், பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், அறக்கட்டளைகள் எனப் பலவற்றின் கொடையேடுகள் அதன் வழங்கிகளில் இருந்தன. 2020 பிப்பிரவரியில் அவ்வழங்கிகளுள் கள்வர் நுழைந்தனர். மே மாதத்தில்தான் நிறுவனம் அதனைக் கண்டறிந்தது. சூலையில்தான் வெளியே சொன்னது. கள்வர் கேட்ட பிணைத்தொகையையும் கொடுத்தது. 13,000க்கு மேற்பட்ட அமைப்புகள் தாக்குண்டன. வங்கிக் கணக்குக் குறிப்புகளைக் கள்வர் தொடவில்லை என்று முதலில் கூறிய அந்நிறுவனம், அவ்வாண்டு செப்தம்பரில், மறையாக்கம் செய்யப்படாத வங்கிக் குறிப்புகளும் சிலருடையன களவு போயிருக்கலாம் என்று ஒப்புக்கொண்டது. 2023 மார்ச்சில் அந்நாட்டுப் பங்குச்சந்தை ஆணையத்துக்கு 30 இலக்கம் டாலரும், அக்தோபரில் 49 மாநிலங்களுக்கும் தலைநகர் வட்டாரத்துக்குமாக 4 கோடியே 95 இலக்கம் டாலரும் செலுத்த இசைந்தது.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. 2024இல் கூட்டரசின் வணிக ஆணையம் அந்நிறுவனத்தின்மீது சாட்டிய குற்றங்களுள் ஒன்று, விலகிப்போன வாடிக்கையாளர்தம் ஏடுகளையும் தேவைக்கு மேற்பட்டுப் பல்லாண்டு அது வைத்திருந்தது என்பதாகும். வீட்டைக் காலி செய்த பின்னும் குடியிருந்தவரின் பேழை வீட்டுக்காரனிடமே கிடந்தது! கொடையாளர் நம்பியது தொண்டமைப்பை. அவர் பெயர் கிடந்ததோ அவர் கேள்வியுறாத நிறுவனத்தின் கிடங்கில்.

களவு ஒரு தீங்கு. கைவிடல் மற்றொரு தீங்கு. 2012இல் இதே நிறுவனம் கன்வியோ என்னும் போட்டி நிறுவனத்தை விலைக்கு வாங்கி விழுங்கியது. கன்வியோ நடத்திவந்த 'காமன் கிரவுண்டு' என்னும் கொடை மேலாண்மை மென்பொருள் 2014இல் நிறுத்தப்பட்டது. அதனை நம்பிப் பழகிய அமைப்புகள் மூட்டை கட்டிக்கொண்டு வேறிடம் தேடவேண்டியதாயிற்று. இதில் சட்ட மீறல் யாதுமில்லை. வாடகைக்கு விட்டவன் கதவைச் சாத்தினான்; அவ்வளவே. வாடகைக்கு இருப்பவர்க்கு வேறு என்ன உரிமை உண்டு?

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. 2005இல் முதன்முதல் வெளிவந்த சிவிசிஆர்எம் என்னும் கட்டற்ற மென்பொருள் தொண்டமைப்புகளுக்கென்றே ஆக்கப்பட்டது. கொடை வரவு, உறுப்பினர் கட்டணம், உறுதிமொழித் தொகை, நிகழ்ச்சிப் பதிவு, மின்னஞ்சல் மடல் ஆகிய யாவற்றையும் ஒரே ஏட்டில் இணைத்துத் தரும். துரூபல், வேர்ட்பிரசு, சூம்லா போன்ற தளங்களுள் ஒன்றன்மேல் இயங்கும்; அண்மைப் பதிப்புகள் தனித்தும் இயங்கவல்லன. அதன் நிரல் எவரும் படிக்கத் திறந்து கிடக்கின்றது. படிக்கவும் பயன்படுத்தவும் திருத்தவும் பிறர்க்கு வழங்கவும் அதன் உரிமம் இசைவு தருகின்றது. அதனை ஆக்கியோரே நாளை கைவிட்டாலும் நிரல் அழியாது. ஏடு அமைப்பின் கையைவிட்டு அகலாது.

இதனைச் சொன்ன அளவில் இரு சாரார் எழுந்து நிற்பர். விலை கொடாமற் கிடைப்பது எவ்வாறு நன்றாக இருக்கும் என்பார் ஒரு சாரார். விலையை வைத்தே தரத்தை அளக்கும் இவர்கள், உலகின் வழங்கிகளிற் பெரும்பாலானவற்றை இயக்குவது லினக்சு என்னும் கட்டற்ற மென்பொருளே என்பதை அறியார் போலும்! தாம் வாடகை கட்டும் வணிக நிறுவனமே அதன்மேல் கடை விரித்திருக்கக்கூடும் என்பதையும் எண்ணார்.

மற்றொரு சாராரே மிகுதியும் கண்டிக்கத்தக்கார். விலையில்லை என்றதும் ஓடிவந்து நிறுவுவர். ஒரு மாலைப் பொழுதில் வேலை முடிந்ததென்று கைகழுவுவர். நிறுவுதல் ஒரு நாட் பணி. பேணுதல் நாடோறும் பணி. கட்டற்றது என்பதற்குக் கட்டுப்பாடற்றது என்பது பொருளன்று. கிணறு தன்னுடையதானால் தூர்வாருவதும் தன் கடனே அன்றோ?

அப்பேணுதல் யாது? சிவிசிஆர்எம் மாதந்தோறும் புதிய பதிப்பாக வெளிவருகின்றது. ஓட்டைகள் கண்டறியப்படும்போது அவற்றை அடைக்கும் திருத்தங்களும் வருகின்றன. அவற்றைப் புறக்கணிப்பவர் கதவைத் திறந்து போட்டுவிட்டு உறங்குபவர். புதுப்பிக்குமுன் படியொன்று எடுத்து, அதன்மேல் முதலில் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். தரவுத்தளத்துக்கும் கோப்புகளுக்கும் அமைப்புக் குறிப்புகளுக்கும் நாடோறும் காப்புப்படி எடுத்து, ஒரு படியை வேறிடத்தில் வைத்தல் வேண்டும். எடுத்த படியிலிருந்து ஏட்டை மீட்க முடிகின்றதா என்று அவ்வப்போது மீட்டுப் பார்த்தல் அதனினும் வேண்டும். குறித்த பொழுதில் தாமே இயங்கவேண்டிய பணிகள் வழங்கியில் முறையாக அமைக்கப்படாவிடின், அனுப்பியதாக எண்ணிய மடல்கள் வரிசையிலேயே உறங்கும், நினைவூட்டல்கள் போய்ச்சேரா. எவர் எதனைக் காணலாம், எவர் திருத்தலாம் என்று உரிமைகளை வரையறுத்தல் வேண்டும். விலகிய ஊழியரின் கணக்கை அன்றே மூடுதல் வேண்டும். ஒரே கடவுச்சொல்லைப் பத்துப் பேர் பகிரும் அமைப்பு, அயலாரைப் பழிக்கும் தகுதியை இழந்தது.

ஏட்டில் மொழியும் உண்டு. மேலை நாட்டில் பிறந்த இம்மென்பொருள் முதற்பெயர், குடிப்பெயர் என்னும் இரு கட்டங்களை வைத்துள்ளது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டெழுதும் தமிழர்க்குக் குடிப்பெயர் ஏது? முதலெழுத்தை ஒருவர் முன்னும் மற்றொருவர் பின்னும் பதிய, ஒரு கொடையாளர் இருவராவார். இருமுறை மடல் பெறுவார். ஆண்டிறுதிக் கணக்கில் பாதியே கொடுத்தவராகத் தோன்றுவார். வணிக மென்பொருளாயின் இதனை மாற்ற நிறுவனத்தின் வாயிலில் காத்திருத்தல் வேண்டும். கட்டற்ற மென்பொருளிலோ, பெயரைப் பதியும் முறையை அமைப்பே வகுத்துக்கொண்டு, இரட்டைப் பதிவுகளைக் கண்டறியும் நெறிகளையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். நன்றி மடலையும் பற்றுச்சீட்டையும் தூய தமிழில் எழுதி வைக்கலாம். பற்றுச்சீட்டைக் கோப்பாக்கும் கருவிகள் சில, கொம்பெழுத்தை இடம் மாற்றி அச்சிடும். முதற்சீட்டை அனுப்புமுன் அதனைச் சரிபார்த்தல் கடன். அறம் செய்தவர் பெயரைச் சிதைத்து அச்சிட்டு அனுப்புவது நன்றியாகாது.

சிற்றமைப்புகள் இத்துணைக்கும் ஆளுக்கு எங்கே போகும் என்று கேட்கலாம். நூறு கொடையாளரே உள்ள அமைப்புக்குக் கையேடு ஒன்றே போதும்; பெருமைக்காக மென்பொருள் வேண்டா. அதனின் வளர்ந்த அமைப்புகள் நான்கைந்து கூடி, ஒரு தொழில்நுட்பரைக் கூலி கொடுத்து அமர்த்திக்கொள்ளலாம். வாடகையாகப் போகும் பொருள் அவர்க்குக் கூலியாகப் போகட்டும். வாடகைக்கும் கூலிக்கும் வேறுபாடு பெரிது. கூலியாளரை மாற்றினாலும் ஏடு வீட்டிலேயே இருக்கும். வாடகை வீட்டைவிட்டு வெளியேறினால் ஏடும் உடன் வருமா என்று ஏங்கி நிற்க நேரும்.

தன் வழங்கியில் வைத்தால் களவே போகாது என்று எவரும் உறுதி கூறார். ஆனால் களவு போனால், அன்றே அறியவும் அன்றே கொடையாளரிடம் சொல்லவும் கடமைப்பட்டவர் அமைப்பினரே ஆவர். பிறிதொருவர் வாய் திறக்கும்வரை காத்திருத்தல் வேண்டா. உடைமையின் பொருள் அதுவே.

தொண்டமைப்புகளின் பொறுப்பாளர்கள் ஒரே ஒரு வினாவுக்கு விடை காணட்டும். இன்று மாலை அந்த வணிக நிறுவனம் கதவைச் சாத்தினால், நாளைக் காலை கொடையாளர் பெயர்களை எங்கிருந்து படிப்பார்கள்? விடை தெரியாதவர் ஏட்டை இழந்துவிட்டனர்; இழந்ததை இன்னும் அறியாமல் இருக்கின்றனர், அவ்வளவே. அவர்கள் முதற்கண் தம் ஏட்டின் முழுப்படியொன்றைக் கேட்டுப் பெறுக. அதனைத் தம் வழங்கியில் ஏற்றுக. ஏற்றியபின் உறங்காது பேணுக. கொடுத்தவர் நம்பிக்கைக்கு வேறு கைம்மாறு இல்லை.