அருணாவுக்காக யார் பேசுவது?



மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் அங்கேயே ஓர் ஊழியனால் தாக்கப்பட்டார். நாய்ச் சங்கிலியால் கழுத்தை இறுக்கியதில் மூளை சேதமடைந்தது. 2015 மே மாதம் நிமோனியா வந்து கண்மூடும்வரை, ஏறக்குறைய 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையில் நினைவு திரும்பாமல் கிடந்தார்.

அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தி, அமைதியாகப் போகவிடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் போனார், அருணாவைப் பற்றிப் புத்தகம் எழுதிய பிங்கி விரானி. செவிலியர்கள் கூடாது என்றார்கள். ஓய்வுபெற்றவர்கள் போக, புதிதாய் வந்தவர்கள் தொடர, வாயில் ஊட்டி, துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, ஒரு படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். 2011 மார்ச்சில் வந்த தீர்ப்பு, அருணாவுக்காகப் பேசும் உரிமையை விரானிக்குத் தரவில்லை. பணிவிடை செய்தவர்களுக்கே தந்தது. மீளாத நோயாளிக்குச் சிகிச்சையை விலக்கிக்கொள்ள, உயர் நீதிமன்ற அனுமதியோடு, முதல் வழியைத் திறந்ததும் அதே தீர்ப்புதான்.

இரு தரப்பையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அருணா என்ன விரும்பியிருப்பார்? அவர் கைப்பட ஒரு வரி இல்லை. இருபத்தைந்து வயதில் யார்தான் எழுதிவைப்பார்கள்!

இப்போது எழுதிவைக்கலாம். 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இப்படி முன்கூட்டியே எழுதிவைக்கும் ‘லிவிங் வில்’ என்ற உயிலை ஏற்றது. அப்போது மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. அதற்கு அலைய யாரால் முடியும்? 2023-இல் அதை நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி போதும் என்று மாற்றினார்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். நம் சார்பில் முடிவெடுக்கப்போகிறவர்களின் பெயரையும் எழுத வேண்டும். நேரம் வரும்போது இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்துச் சம்மதித்த பிறகே வென்டிலேட்டரை எடுப்பார்கள். ஊசி போட்டு உயிரை முடிப்பது அன்றும் குற்றம், இன்றும் குற்றம்.

இந்த உயிலை, முதியவர்களின் உயிரை முடிக்கும் தென்மாவட்டத்துத் தலைக்கூத்தலோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி இளநீரைப் புகட்டும்போது, “உனக்குச் சம்மதமா?” என்று அந்தக் கிழவியை யார் கேட்டார்கள்?

“என்னைக் கொன்னுடுங்க டாக்டர்” என்று கதறும் புற்றுநோயாளிக்கோ, உயிலுக்கு முன்னால் மார்ஃபின் வேண்டும். கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலிநிவாரணப் பணி கேரளம் முழுக்கப் பரவி, அக்கம்பக்கத்தாரையே தொண்டர்களாக்கி வீடு தேடிப் போகிறது. நம் தமிழ்நாட்டு அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் இந்தச் சேவை இருக்கிறது. கேட்டு வாங்கத்தான் பலருக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் கடைசிக் காலம் பற்றிய இந்தப் பேச்சை யார், எப்படி எடுத்தார்கள்? எழுதுங்கள். “விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன பேச்சு இது!” என்று அம்மா வாயை அடைத்துவிட்டாலும், அதையே எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்