எலுமிச்சைச் சாறு மீனை வேகவைக்குமா?

"எங்கள் பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு வளர்க்கிறோம். மீனை அடுப்பில் வைக்காமல் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தே சாப்பிடலாம் என்று என் மகள் போனில் பார்த்துச் செய்தாள். மீன் வெந்ததுபோல வெள்ளையாகிவிட்டது. சாப்பிடலாமா?"
- வாசகி, கல்லங்குறிச்சி, அரியலூர் மாவட்டம்.

சாப்பிட வேண்டாம். வெள்ளையானாலும் அது பச்சை மீன்தான்.

உங்கள் மகள் பார்த்தது தென் அமெரிக்காவின் பெரு நாட்டு உணவு. பெயர் 'செவிச்சே'. புதிய கடல்மீனைத் துண்டாக்கி எலுமிச்சைச் சாறு, உப்பு, வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி சேர்த்துப் பிசறுவார்கள். வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மக்காச்சோளமும் தொட்டுக்கொள்ள இருக்கும். 2023-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இது இடம்பெற்றது.

சாற்றின் புளிப்பு மீனின் புரதத்தை இறுகச் செய்கிறது. அதனால் நிறம் மாறுகிறது. ஆனால் அடுப்பின் சூட்டைப்போல அது கிருமிகளையும் புழுக்களையும் முழுவதுமாகக் கொல்லாது. 1991-ல் பெருவில் காலரா பரவியபோது, பச்சை மீனைத் தவிர்க்கும்படி அந்நாட்டு சுகாதாரத் துறையே எச்சரித்தது. கடல்மீனுக்கே அப்படியென்றால், சாணம் இட்டு வளர்க்கும் குட்டை மீனுக்கு இன்னும் கவனம் தேவை. நன்னீர் மீனின் சதையில் புழுக்களின் இளம்பருவமும் இருக்கலாம்.

அதற்காக மகளின் ஆசையை விட்டுவிட வேண்டாம். மீனை மட்டும் வேகவைத்துக்கொண்டால், வயல்வேலை முடிந்து வந்த இரவிலும் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம்.

நான்கு பேருக்கு:

அரை கிலோ மீன் துண்டுகளில் மஞ்சள்தூள், உப்பு தடவி, இட்லிப் பானையில் ஆவி வந்தபின் 12 முதல் 15 நிமிடம் வேகவிடவும். கரண்டியால் அழுத்தினால் சதை உதிர வேண்டும். முள்ளை ஒட்டிய இடமும் வெள்ளையாக இருக்க வேண்டும். ஆறியதும் உதிர்த்து முள்ளை எடுக்கவும். கட்லா, ரோகுவில் சதைக்குள்ளும் சிறுமுள் இருக்கும். குழந்தைகளுக்கு விரால் நல்லது.

சின்ன வெங்காயம் 15, பச்சை மிளகாய் 1, கொத்தமல்லி ஆகியவற்றைப் பொடியாக அரிந்து உப்புப் போட்டுப் பிசறவும். மீன் அரிந்த கத்தியையும் பலகையையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. வெந்த மீனைச் சேர்த்து, கடைசியாக 2 எலுமிச்சையைப் பிழியவும். அடுப்பில் வைத்துச் சாறு விட்டால் கசக்கும், வைட்டமின் சி-யும் குறையும்.

வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மக்காச்சோள முத்துகளைக் கிண்ணத்தில் போட்டு, மேலே மீனை வைத்துப் பரிமாறலாம். சோற்றுடனும் சாப்பிடலாம். மீந்ததை மறுநாளுக்கு வைக்காமல் அன்றே சாப்பிட்டுவிடவும்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித் தீவனத்துக்காகவே விளைகிறது. அதையே பால் பருவத்தில் ஒடித்தால் வேகவைத்துச் சாப்பிடலாம். ஆனால் படைப்புழுவுக்கு மருந்து அடித்த வயலானால், மருந்து டப்பாவில் சொல்லியிருக்கும் காத்திருப்பு நாட்கள் முடிந்த பிறகே கதிரை ஒடிக்க வேண்டும்.

மகள் ஊறவைத்த மீன் ஊறவைத்த உடனே குளிர்பெட்டியில் வைக்கப்பட்டிருந்தால், புளிக்குழம்பில் போட்டு நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடலாம். வெளியே பல மணி நேரம் இருந்திருந்தால் குப்பைக்குழியில் போட்டு மண் மூடிவிடுங்கள்.