சிக்னல் இல்லேன்னு ஊரைத் திட்டாதீங்க

ஏம்பலம் பக்கம் நிலம் பாக்கவும் ஊர் பாக்கவும் நகரத்துல இருந்து வர்றவங்ககிட்ட அடிக்கடி கேக்குற வசனம் இது: "உங்க ஊர்ல நெட்டே எடுக்கல, அதான் ஜிபிஎஸ் வேலை செய்யல." கம்ப்யூட்டர்லயே பொழப்பு நடத்துறவங்களே இதைச் சொல்றப்ப எரிச்சலா வருது.

ஜிபிஎஸ்ஸுக்கு நெட் வேண்டாங்க. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துற செயற்கைக்கோள்கள்ல நாலோட சிக்னல் கிடைச்சா, சிம் கார்டே இல்லாத போனும் இடத்தைச் சொல்லிடும். நெட் இருந்தா சட்டுன்னு சொல்லும். இல்லேன்னா திறந்த வெளியில ஒண்ணு ரெண்டு நிமிஷம் நிக்கணும். தென்னந்தோப்புக்குள்ள நின்னா கொஞ்சம் தடுமாறும், அவ்வளவுதான். நெட் வேண்டியது பின்னால தெரியுற படத்துக்கு. அதை வீட்டுலயே இறக்கி வெச்சுக்கலாம். வழியில பாக்க சினிமா மட்டும் இறக்கிக்கிட்டு வரத் தெரியுதே?

"நீங்க கிராமத்துக்காரர், திசை உங்க ரத்தத்துல ஊறினது" ன்னு ஒரு ஐஸ் வேற வெப்பாங்க. ரத்தமும் இல்ல, மண்ணும் இல்ல. பழக்கம். எங்க கிரயப் பத்திரத்துல செக்குபந்தின்னு ஒரு பத்தி இருக்கும். நிலத்துக்கு நாலு பக்கமும் என்ன இருக்குன்னு எழுதியிருக்கும். அது தெரியலேன்னா நிலம் போயிடும், அதனால கத்துக்கிட்டோம்.

நீங்களும் ஒரே நாள்ல கத்துக்கலாம். கிழக்குங்கற பேர்லயே கீழ் இருக்கு, மேற்குல மேல் இருக்கு. இந்தப் பக்கம் தரை கடலைப் பாத்துச் சரியுது. சங்கராபரணியும் தென்பெண்ணையும் கிழக்காலதான் போகுது. நிழலை மட்டும் நம்பாதீங்க. உச்சி வேளையில நிழல் வடக்கால விழும்னு படிச்சிருப்பீங்க. இங்க ஏப்ரல் கடைசியில இருந்து ஆகஸ்ட் மூணாவது வாரம் வரைக்கும் அது தெற்கால விழும்.

போன்ல இருக்கிற அம்புக்குறியும் நின்ன இடத்துல பொய் சொல்லும், வண்டியில காந்த ஹோல்டர்ல மாட்டியிருந்தா இன்னும் மோசம். பத்து அடி நடங்க, நீலப்புள்ளி எந்தப் பக்கம் நகருதுன்னு பாருங்க. இதைக்கூடச் செய்யாம, படத்துல கோடு போட்டிருக்குன்னு ஏரிக்கரை மேல காரை ஏத்திட்டு, திருப்ப வழியில்லாம நின்னுக்கிட்டு எனக்குப் போன் போட்டா நான் என்ன பண்ண?

இது வெறும் வழி தவறுற சமாச்சாரமா இருந்தா இவ்வளவு எழுத மாட்டேன். ராத்திரி மோட்டார் கொட்டாய்கிட்ட ஒருத்தரைப் பாம்பு கடிச்சிடுச்சு, 108-க்குப் போன் போடுறீங்க. என்ன சொல்லுவீங்க? "பாண்டி பக்கத்துல"ன்னா? புதுச்சேரி மாவட்டமே துண்டு துண்டா, தமிழ்நாட்டு ஊர்களோட பின்னிக் கிடக்குது. "வேப்பமரத்தாண்ட"ன்னா எனக்குப் புரியும், டிரைவருக்குப் புரியாது. லொகேஷன் அனுப்ப நெட் இல்ல. ஆனா ரெண்டு எண்ணை வாயாலயே சொல்லலாம், எஸ்எம்எஸ்லயும் அனுப்பலாம். எங்க ஊர்ப் பசங்களுக்கும் சேர்த்துதான் சொல்றேன், அவங்களும் போனை ரீல்ஸ் பாக்க மட்டும்தான் வெச்சிருக்காங்க.

எங்க பக்கம் முதல் எண் 11-ல ஆரம்பிக்கும், ரெண்டாவது 79-ல. மாத்திச் சொன்னா வடதுருவத்துப் பக்கம், ஸ்வால்பார்டு தீவுக்குப் போயிடும். புள்ளிக்கு அப்புறம் நாலாவது இலக்கம் சுமார் 11 மீட்டர் கணக்கு. மூணோட நிறுத்தினா வண்டி நூறு மீட்டர் தள்ளி யாரோட மல்லாட்டைக் கொல்லையிலயோ நிக்கும்.

இனிமே வர்றவங்களுக்குப் போன்ல வழி சொல்றதா இல்ல. ரெண்டு எண் எஸ்எம்எஸ்ல வரும், எந்த வாய்க்காலுக்கு மேலண்டைன்னு ஒரு வரி வரும். வந்து சேருங்க, இளநீர் வெட்டி வெக்கிறேன்.